"ஏன்?" என்று கேட்கப்பட்ட சட்டம்: யூதரின் ஹலாக்காவும் நவீன மெய்யியலும்



யூதர் என்றதும் எம்மில் பலருக்கு இரண்டாம் உலகப் போரும் இஸ்ரேல் நாடும்தான் நினைவுக்கு வரும். ஆனால் உரோமர்கள் கி.பி. 70 இல் எருசலேம் ஆலயத்தை அழித்த பின்னர், 1948 வரையும் இந்த மக்களுக்குச் சொந்த அரசு இருக்கவில்லை. நாடு நாடாகச் சிதறி, பல மொழிகள் பேசி வாழ்ந்த அவர்களை ஒரே மக்களாகக் கட்டிவைத்திருந்தது ஒரு சட்டம். அதற்கு ஹலாக்கா என்று பெயர். இந்தச் சட்டத்தை நோக்கி நவீன ஐரோப்பிய மெய்யியல் ஒரு கேள்வியை எழுப்பியது. "நான் ஏன் இதற்குக் கீழ்ப்படிய வேண்டும்?" என்பதே அது. அந்தக் கேள்விக்கு யூத சிந்தனையாளர்கள் என்ன மறுமொழி சொன்னார்கள் என்பதுதான் இன்றைய உரையின் பொருள்.

முதலில் ஹலாக்கா என்றால் என்ன என்று பார்ப்போம். இந்த எபிரேயச் சொல் "நடத்தல்" என்ற வேரிலிருந்து வருவது. நடக்கும் வழி, நடக்கவேண்டிய முறை என்று பொருள் கொள்ளலாம். தோரா எனப்படும் மோசேயின் ஐந்து நூல்களில் 613 கட்டளைகள் இருப்பதாக மரபு சொல்கிறது. செய் என்பவை 248, செய்யாதே என்பவை 365. இவை கோயிலுக்குள் மட்டும் நிற்கும் கட்டளைகள் அல்ல. பாலையும் இறைச்சியையும் சேர்த்து உண்ணக்கூடாது என்பதும் சட்டம். நாட்கூலிக்கு வந்தவனின் கூலியை அன்றன்றே கொடுத்துவிட வேண்டும் என்பதும் சட்டம். சமையலறையும் கடையும் திருமணமும் மரணவீடும் எல்லாமே இதற்குள் அடக்கம்.

கி.பி. 200 அளவில் வாய்மொழிச் சட்டங்கள் மிஷ்னா என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. அதன் மீது பல தலைமுறை அறிஞர்கள் நடத்திய வாதங்களே தல்மூத். தல்மூத்தைத் திறந்து பார்ப்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள். ஏனென்றால் அது தீர்ப்புகளை வரிசையாக அடுக்கிய நூல் அல்ல. ஒருவர் ஒன்று சொல்வார், மற்றவர் மறுப்பார், மூன்றாமவர் இருவரையும் கேள்வி கேட்பார். தோற்றுப்போன கருத்தையும் சொன்னவரின் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

பின்னர் 1565 இல் வெனிஸ் நகரில் அச்சேறிய ஒரு சட்டத் தொகுப்பு யூத உலகம் முழுவதும் பரவியது. அதன் பெயர் "ஷூல்ஹான் ஆருக்". பரிமாறி வைத்த மேசை என்று பொருள். தொகுத்தவர் யோசேப் காரோ. 1492 இல் ஸ்பெயின் தன் யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியபோது அவர் சிறுபிள்ளை. ஊர் ஊராக அலைந்த மக்கள் ஊருக்கு ஒரு வழக்கம் வைத்திருந்ததைக் கண்டே அவர் இந்த வேலையில் இறங்கினார். ஆனால் அவர் ஸ்பானிய யூதரின் வழக்கங்களையே பெரிதும் எழுதியிருந்தார். போலந்தின் கிராக்கோவ் நகரத்து மோசே இசெர்லஸ் என்ற அறிஞர் தம்முடைய மக்களின் வழக்கங்களைக் குறிப்புகளாகச் சேர்த்தார். அந்தக் குறிப்புகளுக்கு அவர் வைத்த பெயர் "மேசை விரிப்பு". மேசையையும் எறியவில்லை, தங்கள் வழக்கத்தையும் விடவில்லை. பெரும்பாலான பதிப்புகளில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

தல்மூத்தில் வரும் ஒரு கதையை இங்கே சொல்ல வேண்டும். ஓர் அடுப்பு தீட்டுப்படுமா படாதா என்று அறிஞர்களிடையே வாதம். ரபி எலியேசர் தனித்து நின்று தன் கருத்தைச் சொன்னார். மற்றவர்கள் ஏற்கவில்லை. "நான் சொல்வது சரியென்றால் அந்த மரம் காட்டட்டும்" என்றார், மரம் இடம் பெயர்ந்தது. நீரோடை பின்னோக்கி ஓடியது. மண்டபத்துச் சுவர்கள் சாய்ந்தன. கடைசியில் வானத்திலிருந்தே ஒரு குரல் வந்து எலியேசர் சொல்வதே சரி என்றது. அப்போது ரபி யோசுவா எழுந்து நின்று, சட்டம் இப்போது வானத்தில் இல்லை, அது மனிதர் கையில் தரப்பட்டாயிற்று, இனிப் பெரும்பான்மைதான் முடிவு செய்யும் என்றார். இதைக் கேட்ட கடவுள், தன் பிள்ளைகள் தன்னை வென்றுவிட்டார்கள் என்று சிரித்தாராம்.

இத்துடன் கதை முடியவில்லை. பணிய மறுத்த எலியேசரை அவர்கள் சமூகத்திலிருந்து விலக்கிவைத்தார்கள். அந்த மூதறிஞர் நிலத்தில் இருந்து அழுததையும் தல்மூத் மறைக்காமல் எழுதியிருக்கிறது. வாதிக்கும் சுதந்திரம் ஒருபுறம், விலக்கிவைக்கும் அதிகாரம் மறுபுறம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு நவீன காலத்துக்கு வருவோம்.

17 ஆம் நூற்றாண்டின் அம்ஸ்ரர்டாம். அங்கே இருந்த போர்த்துக்கேய யூத சமூகம் ஓர் அகதிச் சமூகம். போர்த்துக்கல்லில் பலவந்தமாகக் கிறிஸ்தவராக்கப்பட்டு, மத விசாரணைக்கு அஞ்சி வாழ்ந்து, தப்பி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். மறந்துபோன சட்டத்தை ஒல்லாந்தில் புதிதாகப் படித்துக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் பிறந்தவர் பரூக் ஸ்பினோசா. 1656 ஜூலை 27 ஆம் திகதி, அவருக்கு 23 வயதாக இருந்தபோது, சமூகம் அவரை விலக்கிவைத்தது. அவருடன் பேசக்கூடாது, அவர் எழுதியதை வாசிக்கக்கூடாது என்று அறிவித்தது. அந்த விலக்கு பின்னர் நீக்கப்படவே இல்லை.

1670 இல் ஸ்பினோசா தன் பெயரைப் போடாமல் "இறையியல் அரசியல் ஆய்வு" என்ற நூலை வெளியிட்டார். அதில் அவர் சொன்ன கருத்து இதுதான். மோசேயின் சட்டம் பழைய எபிரேய அரசின் நாட்டுச் சட்டம். அந்த மக்களை ஓர் அரசாக ஒழுங்குபடுத்தவே அது வந்தது. அரசு விழுந்த அன்றே சட்டத்தின் கட்டாயமும் விழுந்துவிட்டது. அரசு இல்லாத மக்களுக்கு அந்தச் சட்டம் ஏன் என்பதே அவருடைய கேள்வி.

நேயர்களே, இது சின்னக் கேள்வி அல்ல. நாடில்லாத ஒரு மக்கள் கூட்டம் தன் முறைகளை ஏன் காக்க வேண்டும் என்று கேட்பதற்குச் சமம். அச்சத்தோடு வாழ்ந்த ஒரு சிறு சமூகம் ஏன் அந்த இளைஞரைக் கண்டு பதறியது என்பதையும் நாம் விளங்கிக்கொள்ளலாம். ஆனால் விலக்கிவைத்ததால் கேள்வி மறைந்து போகவில்லை. அது நூறாண்டு கழித்து பேர்லினில் மீண்டும் வந்தது.

1743 இல் மோசஸ் மெண்டல்சோன் என்ற 14 வயதுச் சிறுவன் தன் ஆசிரியரான ரபியைத் தேடி டெசாவ் நகரிலிருந்து பேர்லினுக்குப் போனான். ஜேர்மன், இலத்தீன் மொழிகளையும் மெய்யியலையும் பெரும்பாலும் தானாகவே படித்தான். 1763 இல் பிரஷ்ய அறிவியல் கழகம் நடத்திய கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு மெண்டல்சோனுக்கு. அவருக்கு அடுத்த இடத்தில் வந்தவர் யார் தெரியுமா? பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இம்மானுவேல் கான்ட். அதே ஆண்டில்தான் பேர்லினில் வசிக்கும் உரிமையும் மெண்டல்சோனுக்குக் கிடைத்தது. ஆனால் அந்த உரிமை அவருக்கு மட்டுமே, பிள்ளைகளுக்குச் செல்லாது. விசாவுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இதன் வலி சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1783 இல் அவர் "எருசலேம்" என்ற நூலை எழுதினார். ஸ்பினோசாவுக்கு அவர் சொன்ன மறுமொழியை இப்படிச் சுருக்கலாம். கடவுள் உண்டு, ஆன்மா உண்டு போன்ற உண்மைகளை எல்லா மனிதரும் தம் அறிவாலேயே கண்டுகொள்ளலாம். அதற்கு சீனாய் மலைக்குப் போகத் தேவையில்லை. சீனாயில் யூதருக்குக் கிடைத்தது நம்பிக்கைகளின் பட்டியல் அல்ல, வாழும் முறை. எதை நம்பு என்று அந்தச் சட்டம் கட்டளையிடவில்லை, எதைச் செய் என்றுதான் சொல்கிறது. ஒவ்வொரு சடங்கும் ஓர் உயிருள்ள எழுத்து. பிள்ளை அதைப் பார்த்து "இது ஏன்?" என்று கேட்கும், பெரியவர் சொல்லுவார், அறிவு கைமாறும்.

இன்னொன்றையும் அவர் துணிந்து சொன்னார். அரசு போய்விட்டதால் தண்டிக்கும் அதிகாரமும் போய்விட்டது. ஆகவே எந்த மதச் சபைக்கும் யாரையும் விலக்கிவைக்கும் உரிமை கிடையாது. சட்டம் தொடரும், ஆனால் விருப்பத்தோடு மட்டும் தொடரும். ஸ்பினோசாவை விலக்கிவைத்த அதிகாரத்தை, சட்டத்தை முழுமையாகக் கடைப்பிடித்த ஒரு யூதரே மறுத்தார்.

ஆனால் வரலாறு இரக்கமில்லாதது. மெண்டல்சோனின் பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் அறுவர். அவர்களில் நால்வர் பின்னர் கிறிஸ்தவராயினர். பேரன் பீலிக்ஸ் மெண்டல்சோன், புகழ்பெற்ற இசையமைப்பாளர், ஏழு வயதில் ஞானஸ்நானம் பெற்றார். தந்தை அழகாக விளக்கினார், பிள்ளைகள் விலகிப் போனார்கள். விளக்கம் மட்டும் போதாதா? அல்லது உரிமையில்லாத வாழ்க்கையின் நெருக்கடி அவர்களைத் தள்ளியதா? இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

அடுத்த அடி கான்ட்டிடமிருந்து வந்தது. மனிதன் தன் அறிவால் தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் சட்டமே அறச்சட்டம் என்று 1785 இல் எழுதினார். வெளியிலிருந்து யாரோ கட்டளையிட்டதற்காக ஒன்றைச் செய்தால் அது அறமாகாது. 1793 இல் வெளிவந்த நூலில் இன்னும் ஒருபடி மேலே போய், யூதம் உண்மையில் மதமே அல்ல, வெறும் சட்டங்களின் தொகுப்பு என்றார். மெண்டல்சோன் பெருமையாகச் சொன்னதைக் கான்ட் குறையாகத் திருப்பினார்.

இதைக் கேட்கும்போது தல்மூத்தில் உள்ள இன்னொரு கதை நினைவுக்கு வருகிறது. அஸ்கலோன் நகரில் தாமா என்ற யூதரல்லாத வணிகர் இருந்தார். ஆலயத்துக்குத் தேவையான மணிக்கற்களை வாங்க யூத அறிஞர்கள் பெருந்தொகைப் பணத்தோடு வந்தார்கள். பெட்டியின் திறப்பு தந்தையின் தலையணையின் கீழ் இருந்தது. தந்தை நித்திரை. அவரை எழுப்ப மாட்டேன் என்று தாமா அந்த இலாபத்தையே விட்டுவிட்டார். தந்தையை மதிப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு ரபிகள் காட்டிய உதாரணம் இந்த அந்நியர்தான். ஆனால் ரபி ஹனினா இதிலிருந்து வேறொரு முடிவுக்கு வருகிறார். கட்டளை இல்லாமலே செய்தவருக்கு இவ்வளவு சிறப்பு என்றால், கட்டளை பெற்றுச் செய்பவரின் சிறப்பு இன்னும் பெரிது என்கிறார். நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். தானாக விரும்பிச் செய்வதல்லவா பெரிது? ஆனால் யோசித்துப் பாருங்கள். விருப்பம் இன்றிருக்கும், நாளை இல்லாமல் போகும். கடமை என்று ஏற்றவர் விருப்பமில்லாத நாளிலும் செய்ய வேண்டும். விருப்பத்தைவிடக் கடமை பெரிது என்பது கான்ட்டும் ஏற்கும் கருத்துத்தான். அந்தக் கடமை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

கான்ட்டின் மெய்யியலில் ஊறிய யூதப் பேராசிரியர் ஹேர்மன் கோஹென் இரண்டையும் இணைக்க முயன்றார். ஜேர்மனியின் மார்பேர்க் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். 1918 இல் அவர் இறந்த பின் வெளிவந்த நூலில், யூதச் சட்டம் தன் நடுவிலே வாழும் அந்நியருக்கும் ஒரே நீதி கேட்கிறது என்பதை எடுத்துக்காட்டினார். அடுத்தவனை வெறும் வேற்றாளாகப் பார்க்காமல் சக மனிதனாகக் காணும் பார்வை இந்தச் சட்டத்தில்தான் பிறந்தது என்றார். ஓய்வுநாளில் வேலைக்காரனும் ஓய வேண்டும் என்ற கட்டளையை அவர் அறத்தின் பெரும் வெற்றியாகக் கண்டார்.

கோஹெனிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் பிரான்ஸ் ரோசன்சுவைக். 1913 இல் கிறிஸ்தவராக மாற முடிவு செய்திருந்த இவர், அந்த முடிவைக் கைவிட்டு யூதராகவே இருக்கத் தீர்மானித்தார். 1920 இல் பிராங்பேர்ட்டில் வளர்ந்தோருக்கான ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினார். தாய்மரபிலிருந்து தூரப் போய்விட்டவர்கள் திரும்பிவந்து படிக்கும் இடம் அது. அவருடைய நண்பர் மார்ட்டின் பூபர், கடவுள் மனிதரோடு பேசுகிறார், ஆனால் சட்டம் தருவதில்லை என்ற எண்ணம் கொண்டவர். அவருக்கு 1923 இல் ரோசன்சுவைக் எழுதிய திறந்த கடிதத்தின் கருத்து முக்கியமானது. புத்தகத்தில் கிடக்கும்போது அது வெறும் சட்டம். ஒருவர் அதைத் தன்னை நோக்கிச் சொன்னதாகக் கேட்டுச் செய்யும்போதுதான் அது கட்டளையாகிறது. முழுவதையும் ஒரே நாளில் ஏற்கவும் வேண்டாம், ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். உன்னால் இன்று முடிந்ததைச் செய் என்றார். காலைப் பிரார்த்தனைக்குத் தோல்பட்டை அணிகிறீர்களா என்று ஒருமுறை கேட்டதற்கு, "இன்னும் இல்லை" என்று மறுமொழி சொன்னதாகக் கூறுவார்கள். "இல்லை" என்பதற்கும் "இன்னும் இல்லை" என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம்!

1903 இல் பிறந்து, பேர்லினில் படித்த இருவர் வேறு வழிகளில் போனார்கள். ஒருவர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வாழ்ந்த ரபி யோசேப் சொலவைச்சிக். ஹலாக்கா மனிதன் கணித அறிஞனைப் போன்றவன், தன்னிடமுள்ள சட்ட வடிவங்களைக் கொண்டே உலகைப் பார்க்கிறான் என்று 1944 இல் எழுதினார். மற்றவர் எருசலேமில் வாழ்ந்த விஞ்ஞானி யெஷாயாகு லைபோவிச். சட்டத்தால் எனக்கு என்ன நன்மை என்று கேட்பவன் கடவுளை அல்ல, தன்னையே வணங்குகிறான் என்பது அவருடைய கடுமையான நிலைப்பாடு. அதே கடுமையோடு, அரசும் மண்ணும் புனிதமல்ல என்றார். 1967 போருக்குப் பின் இஸ்ரேல் பிற மக்களை ஆள்வதைத் தொடர்ந்து கண்டித்தார்.

எம்மானுவேல் லெவினாஸின் வழி இன்னொன்று. லித்துவேனியாவில் பிறந்து பிரான்சுக்கு வந்தவர். 1940 இல் ஜேர்மனியரிடம் போர்க்கைதியானார். லித்துவேனியாவில் இருந்த அவருடைய பெற்றோரும் சகோதரர்களும் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பின் பாரிசில் ஒரு யூதப் பாடசாலையின் பொறுப்பாளராக இருந்துகொண்டு தல்மூத் விரிவுரைகள் நிகழ்த்தினார். சீனாயில் மக்கள் முதலில் செய்கிறோம் என்றும் பிறகு கேட்கிறோம் என்றும் ஒப்புக்கொண்டதாக மரபு. இது கண்மூடித்தனமல்லவா? லெவினாஸ் இல்லை என்கிறார். எதிரே நிற்கும் மனிதனின் முகம் என்னைப் பார்க்கும்போதே பொறுப்பு என் மீது விழுந்துவிடுகிறது. நான் ஆராய்ந்து சம்மதித்த பின் வருவதல்ல அது. தண்ணீரில் தத்தளிக்கும் பிள்ளையைக் கண்டவர் முதலில் குதிப்பார், காரணம் பிறகுதான் வரும் என்று நாம் இதை விளங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு பேசிவிட்டு, சட்டம் மனிதரை வருத்தும் இடத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஹலாக்காவின்படி மணவிலக்குப் பத்திரத்தைக் கணவனே கொடுக்க வேண்டும். அவன் மறுத்தால், நாட்டுச் சட்டப்படி விவாகரத்து ஆகியிருந்தாலும், சமயப்படி அவள் மறுமணம் செய்ய முடியாது. கட்டுண்ட பெண் என்று அவளுக்குப் பெயர். கனடாவில் ஒரு யூதத் தம்பதியர் 1980 இல் பிரிந்தபோது, பத்திரத்தைக் கொடுப்பதாகக் கணவர் எழுத்தில் ஒப்புக்கொண்டார். கொடுத்ததோ 15 ஆண்டுகள் கழித்து, 1995 இல். அந்தப் பெண் வழக்குத் தொடுத்தார். இது மத விடயம், நீதிமன்றம் தலையிடக்கூடாது என்று கணவர் தரப்பு வாதாடியது. 2007 டிசம்பரில் கனடிய உச்ச நீதிமன்றம் அவருக்கு 47,500 டொலர் நட்டஈடு வழங்கப்பட்டதை உறுதிசெய்தது. நீதிபதிகள் எழுவர் சார்பாக, இருவர் எதிராக. மதச் சுதந்திரம் என்ற பெயரால் தந்த வாக்கை மீறி இன்னொருவரின் வாழ்வைப் பூட்டிவைக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். ரபிகளும் சும்மா இருக்கவில்லை. மறுக்கும் கணவனுக்குப் பணச்சுமை ஏற்படும் வகையில் திருமணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதும் முறையைப் பல இடங்களில் கொண்டுவந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த கேள்வி உள்ளே வேலை செய்கிறது.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்று. ஒரு மரபைக் கேள்வி அழிப்பதில்லை. கேள்விக்கு மறுமொழி சொல்ல ஆளில்லாதபோதுதான் அது அழிகிறது. அம்ஸ்ரர்டாம் சமூகம் ஸ்பினோசாவை வெளியே அனுப்பியது, ஆனால் கேள்வி உள்ளேயே தங்கிவிட்டது. ரோசன்சுவைக் வாசலைத் திறந்துவைத்தார், விலகிப்போனவர்கள் வந்து அமர்ந்து படித்தார்கள். அதேவேளை, மெண்டல்சோனின் வீட்டை நினைத்தால் நல்ல விளக்கம் மட்டுமே ஒன்றைக் காப்பாற்றும் என்றும் சொல்ல முடியவில்லை. செய்பவர்களும் வேண்டும், சேர்ந்து செய்யும் இடமும் வேண்டும்.

எங்கள் வீடுகளிலும் பிள்ளைகள் வேறொரு மொழியில் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஏனம்மா இதைச் செய்யவேணும்?" என்கிறார்கள். "எங்கட வழக்கம், கேள்வி கேளாதே" என்பது சுலபமான மறுமொழி. எங்கள் வழக்கங்கள் ஹலாக்கா அல்ல, இரண்டையும் ஒன்றாக்கத் தேவையில்லை. ஆனால் தோற்றுப்போன கருத்தையும் பெயரோடு எழுதிவைத்த அந்த மக்களிடம் நாம் ஒன்றைக் கற்கலாம். கேள்வி கேட்கும் பிள்ளை இன்னும் மேசையை விட்டு எழும்பிப் போகவில்லை. கேட்காமல் எழுந்து போகும் பிள்ளையைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.